டாங்ராவிலிருந்து தள்ளுவண்டி வரை: மஞ்சூரியன் வந்த வழி

கல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் டாங்ரா, தில்ஜலா, டோப்ஸியா, பாக்லாடாங்கா என்று நான்கு பகுதிகள் உண்டு. அங்கே இருந்த சுமார் 550 தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று 1996 டிசம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு கழிவுநீரைப் பற்றியது. சாப்பாட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும், நம் தெருமுனையில் மாலை ஏழு மணிக்கு வாணலியில் புரளும் கோபி மஞ்சூரியனின் கதையைச் சொல்லச் சொன்னால் நான் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் தொடங்குவேன்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்தது குறித்தும் அதே நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது பலருக்கு நினைவிருக்கும். ஆம்பூரும் வாணியம்பாடியும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களோடு அதே தொழிலில் நீடித்தன. டாங்ராவில் நடந்தது வேறு. அங்கே டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, வைத்திருந்தவர்களில் மிகப் பலர் ஹக்கா என்ற சமூகத்துச் சீனர்கள். சிலர் பாந்தலாவில் உருவான புதிய தோல் வளாகத்துக்குப் போனார்கள். சிலர் இடத்தை விற்றுவிட்டுக் கனடாவில் குடியேறினார்கள். இன்னும் சிலர், தோல் உலர்த்திய கூடத்தைக் கழுவிச் சுண்ணாம்படித்து, மேசை நாற்காலி போட்டு உணவகம் திறந்தார்கள். டேனரிகள் ஓடிய நாளிலேயே அங்கே சில குடும்பங்கள் சாப்பாட்டுக் கடை நடத்தியதால் தொழில் அவர்களுக்குப் புதிதில்லை. இன்று கல்கத்தாவில் டாங்ரா என்று சொன்னால் சில்லி சிக்கன்தான் நினைவுக்கு வரும்.

ஒரு சமையல் வேறு நாட்டுக்குக் குடிபெயரும்போது எது மாறுகிறது, எது நிற்கிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாறுவது சுவை, நிற்பது சமைப்பவரின் கைப்பழக்கம். சுவை எந்தப் பக்கம் மாறும் என்பதைச் சமையல்காரரின் விருப்பத்தைவிட, அவர் பிழைக்க வந்த ஊரின் சட்டமும் சந்தையும் வாடிக்கையாளரின் நாக்கும்தான் தீர்மானித்திருக்கின்றன. இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. நம் ஊர்ச் சீன உணவைப் 'போலி' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் பேச்சு எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. அந்தச் சொல், அடுப்பின் முன் நின்றவர்கள் பட்ட பாட்டையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

வீட்டுச் சமையல் வீட்டிலேயே நின்றது

வங்காளத்தில் குடியேறிய முதல் சீனர் என்று பதிவில் நிற்பவர் தோங் அச்சியூ. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அவருக்கு ஹூக்ளி ஆற்றங்கரையில் பட்ஜ் பட்ஜுக்கு அருகே நிலம் கொடுத்தார். அவர் அங்கே கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை வைத்தார். அந்த ஊர் இன்றும் அவர் பெயரால் அச்சிப்பூர் என்றே வழங்குகிறது. சர்க்கரைக்குச் சீனி என்று பெயர் வைத்திருக்கும் நமக்கு இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றாது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இரும்பு வாணலிக்குச் சீனச்சட்டி என்றே பெயர். சீனச் சமையல் நம் தெருவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே சீனத்தின் பெயர் நம் அடுப்பில் ஏறியிருக்கிறது.

பின்னால் வந்தவர்கள் ஊர்வாரியாகத் தொழில் பிரித்துக்கொண்டார்கள். கான்டன் பகுதியினர் தச்சு வேலைக்குப் போனார்கள். ஹூபே மாகாணத்தார் பல் மருத்துவம் செய்தார்கள். சென்னையில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் சீனப் பல் மருத்துவர்களை அறிந்தவர்களுக்கு இது தெரியும். ஹக்காக்கள் தோலையும் செருப்பையும் எடுத்துக்கொண்டார்கள். ஹக்கா என்றால் விருந்தினர் குடும்பம் என்று பொருள். சீனாவிலேயே வடக்கிலிருந்து தெற்கே குடிபெயர்ந்து, போன இடத்தில் வந்தேறிகள் என்று ஒதுக்கப்பட்டு, நல்ல நிலம் கிடைக்காமல் மலைச்சரிவில் வாழ்ந்தவர்கள். கல்கத்தாவில் சாதி இந்துக்கள் தீட்டு என்று தொட மறுத்த தோல் வேலை அவர்களுக்கு வாய்த்தது. நிலமும் அப்படித்தான். யாரும் விரும்பாத சதுப்பு நிலம் டாங்ரா.

சமையல் அவர்களுடைய குலத்தொழிலாக இருக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். 1920களிலேயே கல்கத்தாவின் பழைய சீனப் பகுதியான டிரெட்டா பஜார் பக்கம் நான்கிங் போன்ற பெரிய சீன உணவகங்கள் இருந்தன. அதே டிரெட்டா பஜாரில் இன்றும் விடியற்காலையில் மீன் உருண்டை சூப்பும் பாவ் என்ற ஆவியில் வெந்த பன்றி இறைச்சி ரொட்டியும் விற்கிறார்கள். ஆனால் ஹக்கா வீடுகளில் சமைத்ததற்கும் உணவகத்தில் விற்றதற்கும் இடையே ஒரு சுவர் இருந்தது. உப்பில் புதைத்துச் சுட்ட கோழி, இறைச்சி அடைத்த டோஃபு, ஊறவைத்துக் காயவைத்த கடுகுக்கீரையோடு வேகவைத்த கொழுப்புள்ள பன்றி இறைச்சி ஆகியவைதான் ஹக்காக்களின் பெயர் சொல்லும் உணவுகள். நம் ஊரில் 'ஹக்கா நூடுல்ஸ்' என்று எழுதாத மெனு அட்டை கிடையாது. இந்த மூன்றில் ஒன்றையாவது அந்த அட்டையில் பார்த்தவர் எத்தனை பேர்? சமூகத்தின் பெயர் மட்டும் வெளியே போயிற்று. சமையல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.

வெளியே விற்றதை வாடிக்கையாளர்தான் வடிவமைத்தார். வங்காளிக்குப் பச்சை மிளகாய் வேண்டும், குழம்பு வேண்டும், மாட்டிறைச்சியும் பன்றியும் இல்லாத ஒரு பக்கம் மெனுவில் வேண்டும். சில்லி சிக்கன் இப்படிப் பிறந்தது. டாங்ராவில் இருக்கும் சீனக் காளி கோயிலில் அம்மனுக்கு நூடுல்ஸும் சாப்சூயியும் படைக்கிறார்கள். அந்த நைவேத்தியத்தைப் பற்றிச் செய்திகளில் வியப்போடு எழுதுவார்கள். எனக்கு வியப்பு ஏதும் இல்லை. குடியேறிய ஊரின் தெய்வத்துக்குத் தன் கையில் இருப்பதைப் படைக்கிறான் ஒருவன். மலேசியாவிலும் இலங்கை மலையகத்திலும் நம்மவர்கள் செய்ததும் இதுதானே?

1962

சீனாவோடு போர் மூண்டபோது, இந்தியச் சீனர்களில் சுமார் 3,000 பேரை, பெரும்பாலும் அசாமிலிருந்தும் வடவங்கத்திலிருந்தும், ரயிலில் ஏற்றி ராஜஸ்தானில் உள்ள தேவ்லி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். குழந்தைகளும் முதியவர்களும் அதில் அடக்கம். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். கல்கத்தாச் சீனர்கள் காவல் நிலையத்தில் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். அனுமதி இல்லாமல் ஊரைவிட்டு நகரக் கூடாது. அப்படி நடத்தப்பட்டவர்களில் பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். இதற்காக அரசு இன்றுவரை மன்னிப்பு கேட்கவில்லை. போர் முடிந்தும் பயம் போகவில்லை. ஆண்டுக்கு ஆண்டு குடும்பங்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வெளியேறின.

ஒரு சமையலின் வரலாற்றில் இது ஏன் வருகிறது என்று கேட்கலாம். வேலை வாய்ப்பு சுருங்கிய சமூகத்துக்கு எஞ்சிய கதவுகளில் உணவகமும் அழகு நிலையமும் முக்கியமானவை. சந்தேகத்தோடு பார்க்கும் ஊருக்குச் சோறு போட்டுப் பிழைக்க வேண்டிய நிலையில் இருப்பவர், வந்தவர் கேட்கும் சுவையைத்தான் கொடுப்பார். "எங்கள் ஊரில் இப்படிச் சாப்பிட மாட்டோம்" என்று சொல்லும் வசதி அவருக்கு இல்லை.

கிரிக்கெட் கிளப்பின் சமையலறை

நெல்சன் வாங் கல்கத்தாவில் பிறந்த சீனர். 1970களில் கையில் காசில்லாமல் மும்பைக்கு வந்து, சில்லறை வேலைகள் பார்த்து, கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவின் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தார். 1975இல் அங்கே வந்த ஒருவர், மெனுவில் இல்லாத புதிதாக ஒன்றைக் கேட்டார். தான் அப்போது செய்ததை வாங் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்: இந்தியச் சமையலின் அடித்தளமான இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயைப் பொடியாக நறுக்கி வதக்கினார். அடுத்து கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸ் ஊற்றினார். கார்ன்ஃப்ளாரைக் கரைத்துவிட்டுக் குழம்பைக் கெட்டியாக்கினார். பொரித்த கோழித் துண்டுகளை அதில் போட்டார். சிக்கன் மஞ்சூரியன் பிறந்தது. 1983இல் கெம்ப்ஸ் கார்னரில் அவர் திறந்த சைனா கார்டன் உணவகம் அதை நாடறியச் செய்தது.

மஞ்சூரியா என்பது சீனாவின் வடகிழக்கு. குளிர் பிரதேசம். புளிக்க வைத்த முட்டைக்கோஸும் சோளமும் உண்ணும் அந்த ஊருக்கும் இந்த உணவுக்கும் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை.

வாங் செய்த அந்த ஒரே ஒரு மாற்றத்தை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். இஞ்சி, பூண்டு, மிளகாய் மூன்றும் இரண்டு சமையலிலும் ஏற்கெனவே உள்ளவை. பாலம் அங்கேயே இருந்தது. அவர் மாற்றியது நடுவில் வரும் ஒரு பொருளை மட்டும். அதைவிடப் பெரியது அதற்குப் பின் வந்த கார்ன்ஃப்ளார். நம் சமையலில் குழம்பு கெட்டியாக வேண்டுமானால் வெங்காயம் சுருள வதங்க வேண்டும், தக்காளி கரைய வேண்டும், தேங்காயோ முந்திரியோ அரைத்து ஊற்றிக் கொதிக்க வேண்டும். அரை மணி நேர வேலை. சீனச் சமையலில் மாவுச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் கடைசியில் ஊற்றினால் அரை நிமிடத்தில் குழம்பு கெட்டிப்பட்டுப் பளபளக்கும். சீனாவில் இதற்குப் பயறு, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றின் மாவுச்சத்தைப் பயன்படுத்துவார்கள்; இங்கே மக்காச்சோளத்தின் மாவு. பொருள் மாறியது, கை மாறவில்லை.

ஒரே அடுப்பில் ஒரு தட்டுக்கு மூன்று நிமிடம் என்ற கணக்கில் தெருவோர வண்டி ஓட முடிவது இந்த அரை நிமிடத்தால்தான். சிறியதாக நறுக்கு, முன்கூட்டியே பொரித்து வை, சாதத்தை உதிரியாக வடித்து ஆறவிடு, ஆர்டர் வந்ததும் பெருந்தீயில் புரட்டு, சாஸை ஊற்று, கரைத்த மாவை விடு, இறக்கு. கான்டன் தெருவிலும் இதே வரிசைதான், காரைக்குடிப் பஸ் நிலையத்திலும் இதே வரிசைதான். இதைக் கற்றுக்கொள்ளச் சீன மொழி தேவைப்படவில்லை. டார்ஜிலிங், நேபாளம், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் கல்கத்தாவிலும் மும்பையிலும் இதைக் கற்று, நாடெங்கும் கொண்டுபோனார்கள். அவர்களுடைய முகச்சாயலைக் காட்டினால் கடைக்குச் 'சீனக் களை' வரும் என்று வேலைக்கு எடுத்த முதலாளிகளும் இருந்தார்கள். அது எனக்கு வருத்தம் தரும் செய்தி. அந்த இளைஞர்களின் கைத்திறனைப் பேசாமல் முகத்தை விற்றார்கள்.

சந்தையும் தன் பங்கைச் செய்தது. 1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையானவை. சிப்பி சாஸோ, புளிக்க வைத்த பீன்ஸ் விழுதோ, சிச்சுவான் மிளகோ சாதாரணச் சமையல்காரர் கைக்கு எட்டாது. கல்கத்தாச் சீனக் குடும்பங்கள் தாங்களே சாஸ் தயாரித்தார்கள். 1958இல் தொடங்கிய பௌ சாங் நிறுவனத்தின் பச்சை மிளகாய் சாஸ் அந்த நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மும்பை தாஜ் ஹோட்டலில் 1973இல் கோல்டன் டிராகன் உணவகம் சிச்சுவான் சமையலை அறிமுகம் செய்தது. அது தெருவுக்கு இறங்கி வந்தபோது நாக்கை மரத்துப்போகச் செய்யும் சிச்சுவான் மிளகு உதிர்ந்துபோய், காய்ந்த மிளகாய், பூண்டு, வினிகர் மட்டும் கொண்ட சிவந்த விழுது 'ஷெஸ்வான்' ஆயிற்று. இதில் எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு. மும்பைக்குப் பக்கத்துக் கொங்கணக் கடற்கரையில் மீன் குழம்பில் போடும் திர்பல் என்ற காய், சிச்சுவான் மிளகின் பேரினத்தைச் சேர்ந்ததே. அதே மாதிரி நாக்கைக் கூசவைக்கும். கையெட்டும் தூரத்தில் இருந்த அதை ஷெஸ்வான் விழுதில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை.

நியூயார்க்கும் லிமாவும்

இந்தியாவில் நடந்தது தனி நிகழ்வு அல்ல. அமெரிக்காவின் ஜெனரல் ட்ஸோ சிக்கனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மஞ்சூரியனின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். அதுவும் கோழி, அதுவும் மாவில் தோய்த்துப் பொரித்தது, அதுவும் பளபளக்கும் குழம்பு. பெயரும் சீன வரலாற்றிலிருந்து எடுத்ததே.

அதை உருவாக்கியவர் பெங் சாங்-குயி. ஹூனான் மாகாணத்துக்காரர். 1949இல் கம்யூனிஸ்டுகள் வென்றபோது தேசியவாத அரசோடு தைவானுக்குத் தப்பிப்போய், அரசு விருந்துகளுக்குச் சமைத்தார். 1950களில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ராட்ஃபோர்ட் வந்தபோது நடந்த விருந்தில் இந்த உணவைச் செய்து, தன் மாகாணத்தில் பிறந்த 19ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவர் ட்ஸோவின் பெயரை இட்டார். அன்றைய சுவை ஹூனானின் சுவை: உப்பு, புளிப்பு, காரம் தூக்கலாக, சர்க்கரை கிடையாது. 1973இல் அவர் நியூயார்க் போனார். ஆனால் அதற்கு முன்பே, தைவானில் அவர் கடையில் சாப்பிட்டுப் போன வேறு சமையல்காரர்கள் அதை மொறுமொறுப்பாக்கி இனிப்பூட்டி அங்கே விற்கத் தொடங்கியிருந்தார்கள். அவரும் இனிப்பைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 44ஆவது தெருவில் இருந்த அவர் உணவகத்துக்கு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர் அடிக்கடி வந்தார்.

1990இல் பெங் ஹூனானுக்கே போய் ஓர் உணவகம் திறந்து தன் கோழியைப் பரிமாறினார். ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. இனிப்பு அதிகம் என்றார்கள். கடை நெடுநாள் ஓடவில்லை. தன் ஊரின் பெருமகன் பெயரால், தன் ஊரின் சுவையில், ஊரை இழந்த ஏக்கத்தில் உருவாக்கிய உணவு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து ஊருக்குத் திரும்பியபோது அந்நியமாகிவிட்டது. 2016இல் தைவானில் 98 வயதில் அவர் இறந்தார். சீன உணவின் குடிபெயர்வில் எனக்கு மிகவும் கனமாகத் தெரியும் பக்கம் இதுதான்.

அமெரிக்காவில் சட்டத்தின் கையும் தெளிவாகத் தெரிகிறது. 1882இல் வந்த விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் நுழைவதைத் தடுத்தது. வணிகர்களுக்கு மட்டும் வழி விட்டது. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக உரிமையாளரையும் வணிகர் கணக்கில் சேர்த்தது. அதன் பின் ஊரிலிருந்து உறவினரை வரவழைக்க உணவகம் திறப்பதே வழியாயிற்று. பலர் கூட்டாகப் பணம் போட்டு முறைவைத்து உரிமையாளர் ஆனார்கள். சீன உணவகங்கள் அங்கே பெருகியதற்கு அமெரிக்கரின் பசியளவுக்கு இந்த அனுமதிச்சீட்டும் காரணம்.

தென் அமெரிக்க நாடான பெருவில் கதை வயலிலிருந்து தொடங்குகிறது. 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். கரும்பு, பருத்தித் தோட்டங்களிலும் கடற்பறவை எச்சம் வெட்டும் தீவுகளிலும் வேலை. ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டியவற்றில் அரிசியும் ஒன்று. 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன நம்மவர்களின் கதையை அறிந்தவர்களுக்கு இந்த ஒப்பந்தத்தின் மற்ற வரிகளை விளக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் தலைநகர் லிமாவின் கப்பொன் தெருவைச் சுற்றிச் சிறு சாப்பாட்டுக் கடைகள் வைத்தார்கள். சோறு சாப்பிடு என்று பொருள்படும் சீனச் சொல்லிலிருந்து அந்தக் கடைகளுக்குச் சீஃபா என்று பெயர் நிலைத்தது.

லிமாவில் நடந்ததில் ஒன்று இந்தியாவில் நடக்கவில்லை. பெருக்காரர்கள் தங்கள் வீட்டுச் சமையலிலேயே இஞ்சியைக் கியோன் என்றும் சோயா சாஸைச் சியாவ் என்றும் கான்டன் சொற்களால் அழைக்கிறார்கள். வறுத்த சோறு அவர்களுக்கு சௌஃபா. லோமோ சால்தாதோ என்ற அவர்களுடைய பெயர்பெற்ற உணவில், மாட்டிறைச்சியும் வெங்காயமும் தக்காளியும் உள்ளூர் மஞ்சள் மிளகாயும் சோயா சாஸோடு பெருந்தீயில் புரண்டு, பொரித்த உருளைக்கிழங்கோடும் சோற்றோடும் ஒரே தட்டில் வருகின்றன. அதைச் சீன உணவு என்று யாரும் சொல்வதில்லை. பெருவின் உணவு என்கிறார்கள். நாமோ ஐம்பது ஆண்டுகளாகத் தின்னும் மஞ்சூரியனை இன்னும் 'சைனீஸ்' என்ற தனிப் பலகையின் கீழ்தான் வைத்திருக்கிறோம்.

காலிஃபிளவர் வந்த பிறகு

கோழியில் பிறந்த மஞ்சூரியன் நாடு முழுக்கப் பரவியதற்குக் காரணம் காலிஃபிளவர். அந்தக் காயும் வெளியிலிருந்து வந்ததுதான். 1822இல் சகாரன்பூரின் கம்பெனித் தோட்டத்தில் முதன்முதலாகப் பயிரிட்டார்கள். அதற்குத் தனிச் சுவை குறைவு, சாஸை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், மாவில் தோய்த்துப் பொரித்தால் கடிக்கும்போது இறைச்சித் துண்டு போன்ற பிடிமானம் தரும். சைவ ஓட்டலில் பூரிக்கும் பரோட்டாவுக்கும் பக்கத்தில் மஞ்சூரியனும் உட்கார முடிந்தது இதனால்தான். சீன உணவகம் எந்த நாட்டிலும் இத்தனை பெரிய சைவக் கூட்டத்தைச் சந்தித்ததில்லை என்று நினைக்கிறேன். திருமணப் பந்தியில் இலையில் மஞ்சூரியன் விழுகிறது இன்று.

இந்த வளர்ச்சியில் கெட்டதும் சேர்ந்தே வந்தது. சிவப்பாக இருந்தால்தான் காரம் என்று நம் கண் பழகிவிட்டது. அந்தக் கண்ணுக்காகச் சாயம் சேர்க்கிறார்கள். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகளைத் தடை செய்தது. சோதித்த 171 மாதிரிகளில் 107இல் பாதுகாப்பற்ற நிறமிகள் இருந்தன. இதை லேசாக விடக் கூடாது. குழந்தைகள் தின்னும் தட்டு அது. ஆனால் அந்தக் கோபத்தில் பாதி எப்போதும் அஜினோமோட்டோ பக்கம் திரும்பிவிடுவதுதான் சிக்கல். 1968இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஒரு கடிதத்திலிருந்து கிளம்பிய, சீன உணவகத்தில் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது என்ற பயம் நம்மிடமும் ஒட்டிக்கொண்டது. அஜினோமோட்டோவில் உள்ளதும் தக்காளியில் இயற்கையாகவே இருப்பதுமான குளுட்டமேட்டுக்குப் பயந்து, சாயத்தைக் கவனிக்காமல் விடுகிறோம்.

பணமும் பெரிதாகிவிட்டது. 'தேசி சைனீஸ்' என்று தன்னைச் சொல்லிக்கொண்டு சாஸும் மசாலா பாக்கெட்டும் விற்ற சிங்ஸ் சீக்ரெட்டின் தாய் நிறுவனமான கேபிடல் ஃபுட்ஸை 5,100 கோடி ரூபாய் மதிப்பில் வாங்குவதாக 2024 ஜனவரியில் டாடா கன்ஸ்யூமர் அறிவித்தது. அந்தத் தொகையைப் படித்த அன்று தேவ்லி முகாமில் இருந்த குழந்தைகளைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர்களில் பலர் இப்போது டொரன்டோவில் முதியவர்கள். அங்கே ஸ்கார்பரோ பக்கம் 'ஹக்கா' என்று பலகை தொங்கும் உணவகங்கள் ஏராளம். உள்ளே சில்லி சிக்கனும் மஞ்சூரியனும்தான். பஞ்சாபியரும் குஜராத்தியரும் ஈழத்தமிழரும் குடும்பத்தோடு வந்து சாப்பிடுகிறார்கள். கல்கத்தாவில் வங்காளிக்காக வளைந்த சமையல், இரண்டாம் முறை குடிபெயர்ந்தபோது வளையவில்லை. வாடிக்கையாளரும் கூடவே குடிபெயர்ந்திருந்தார்கள்.

கடைசியாகக் கோயம்புத்தூர். அங்கே தள்ளுவண்டிகளில் 'காளான்' என்று ஒன்று விற்கிறார்கள். பெயர் காளான் என்றாலும் பல வண்டிகளில் பெரும்பகுதி முட்டைக்கோஸ்தான். பொடியாக நறுக்கிய கோஸை மைதாவும் கார்ன்ஃப்ளாரும் சேர்த்துப் பிசைந்து, உருண்டை உருண்டையாகப் பொரித்து எடுக்கிறார்கள். பிறகு அகலமான தோசைக்கல்லில் வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், கரம் மசாலா எல்லாம் வதக்கி, பொரித்ததை அதில் போட்டு, கரண்டியின் விளிம்பால் கொத்திக் கொத்திப் பிரட்டுகிறார்கள். மேலே பச்சை வெங்காயமும் கொத்துமல்லியும்.

ஒரு மழைநாள் மாலையில் அப்படி ஒரு வண்டிக்கு முன் நின்று கவனித்தேன். மும்பைச் சமையலறையில் கரம் மசாலா வெளியே போய்ச் சோயா சாஸ் உள்ளே வந்தது. இந்தக் கல்லில் சோயா சாஸ் பாட்டிலையே காணோம். கரம் மசாலா தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. சீனச் சுவை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மசாலா வதங்கி முடித்ததும் மாஸ்டர் அடுப்புக்குக் கீழேயிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்தார். அடியில் மாவு தங்கியிருந்ததால் விரலால் ஒரு கலக்குக் கலக்கி, கல்லைச் சுற்றி வளைத்து ஊற்றினார். கண் இமைக்கும் நேரத்தில் குழம்பு கெட்டியாகிப் பளபளத்தது.

"இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள், அண்ணா?" என்று கேட்டேன். திருப்பூரில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையில் இரண்டு வருடம் கையாளாக இருந்தாராம். அங்கே மாஸ்டர் டார்ஜிலிங் பக்கத்துக்காரர். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்பதற்குள் இன்னும் நான்கு தட்டுக்கு ஆர்டர் வந்துவிட்டது. அவர் டம்ளரில் மறுபடியும் மாவைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரைக்கத் தொடங்கினார்.